5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டப் போட்டி: முதல் கிலோமீட்டரில் பலரும் செய்யும் தவறு என்ன? கலந்துகொள்ளும் முன் தெரிய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஊர் இன்னும் முழுசாக விழிக்கவில்லை. ஆனால் மைதானத்துக்கு வெளியே ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட சில நூறு பேர் நிற்கிறார்கள். மார்பில் எண் அட்டை. ஒலிபெருக்கியில் பாட்டு. "அஞ்சு கிலோமீட்டர்தானே, ஓடிடலாம்" என்ற பேச்சு.

கொடி அசைந்ததும் மொத்தக் கூட்டமும் பாய்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் அதில் கணிசமானவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார்கள்.

சென்னை, கோவை, மதுரை என்று பெரிய நகரங்களில் மட்டுமல்ல, சிறிய ஊர்களிலும் இப்போது இப்படிப்பட்ட ஓட்டங்கள் நடக்கின்றன. கல்லூரி ஆண்டு விழா, காவல்துறையின் போதை ஒழிப்பு விழிப்புணர்வு, மருத்துவமனைகளின் இதய தின நிகழ்ச்சி என்று காரணங்கள் பல. ஓடுவது நல்லதுதான். ஆனால் காலையில் நடைப்பயிற்சியாக ஓடுவதும், போட்டியில் ஓடுவதும் ஒன்றல்ல. கூட்டம், பரபரப்பு, கடிகாரம் மூன்றும் சேர்ந்தால் உடல் தாங்குவதைவிட வேகமாகக் கால் ஓடிவிடும்.

சரி, இந்தக் குறுந்தூர சாலை ஓட்டங்கள் எப்படி நடக்கின்றன? எப்படித் தயாராவது? எப்போது நிறுத்த வேண்டும்? பார்க்கலாம்.

"5 கி.மீ. மாரத்தான்" என்று ஒன்று உண்டா?

போஸ்டர்களில் "மினி மாரத்தான்", "5 கி.மீ. மாரத்தான்" என்று போடுவது நம் ஊர் வழக்கம். உண்மையில் மாரத்தான் என்பது ஒரே ஒரு தூரம்தான்: 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தர அளவாக்கினார்கள். அதில் பாதி, அதாவது 21.0975 கி.மீ., அரை மாரத்தான்.

5 கி.மீ., 10 கி.மீ. ஆகியவை சாலை ஓட்டத்தில் தனிப் போட்டிகள். உலக சாதனைகளும் இவற்றுக்குத் தனியாக உண்டு. 2021 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி 5 கி.மீ. தூரத்தை 12 நிமிடம் 49 விநாடியில் ஓடினார். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 34 விநாடி. 2024 டிசம்பர் 31 அன்று அதே நகரத்தில் கென்யாவின் பீட்ரைஸ் செபெட் 13 நிமிடம் 54 விநாடியில் ஓடி, 14 நிமிடத்துக்குள் 5 கி.மீ. சாலை ஓட்டத்தை முடித்த முதல் பெண் ஆனார். 10 கி.மீ. ஓட்டத்தில் 29 நிமிடத்துக்குள் வந்த முதல் பெண் கென்யாவின் ஆக்னஸ் ஞெடிச். 2024 ஜனவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில் அவர் எடுத்த நேரம் 28 நிமிடம் 46 விநாடி.

இந்தத் தூரங்களின் மவுசுக்கு இன்னொரு சான்று: உலக தடகள அமைப்பு 2023-ல் லாட்வியாவின் ரீகா நகரில் முதன்முறையாக நடத்திய உலக சாலை ஓட்ட சாம்பியன்ஷிப்பில் 5 கி.மீ. ஒரு பிரிவாக இருந்தது. நமக்குப் பக்கத்தில் பெங்களூருவில் 2008 முதல் நடக்கும் உலக 10 கி.மீ. ஓட்டத்தில் வெளிநாட்டு முன்னணி வீரர்களும், முதல்முறை ஓடும் ஐ.டி. ஊழியர்களும் ஒரே சாலையில் ஓடுகிறார்கள்.

ஆகவே "வெறும் அஞ்சு கிலோமீட்டர்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியாக ஓடினால் அது நுரையீரலைச் சோதிக்கும் தூரம்.

தமிழ்நாட்டில் எங்கே, எப்படிக் கலந்துகொள்வது?

பொதுவாக மூன்று வகைப் போட்டிகள் உண்டு.

1. கட்டண ஓட்டங்கள்: சென்னை மாரத்தான், கோவை மாரத்தான் போன்ற பெரிய நிகழ்வுகளில் நீண்ட தூரத்தோடு குறுந்தூரப் பிரிவும் இருக்கும். ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் போட்டிக்குப் போட்டி மாறும். அதில் டி-ஷர்ட், எண் அட்டை, டைமிங் சிப், ஓட்டம் முடித்தால் பதக்கம், காலை உணவு ஆகியவை அடங்கும்.

2. அரசு நடத்தும் ஓட்டங்கள்: பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டம்தோறும் நடக்கும் நெடுந்தூர ஓட்டப் போட்டி இதில் முக்கியமானது. 17 முதல் 25 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 8 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ. என்றும், 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கி.மீ., பெண்களுக்கு 5 கி.மீ. என்றும் பிரித்து நடத்துகிறார்கள். முதல் பத்து இடங்களுக்குப் பரிசுத் தொகை உண்டு. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

3. உள்ளூர் ஓட்டங்கள்: கல்லூரி, சங்கம், கோயில் திருவிழா, கட்சி என்று யார் வேண்டுமானாலும் நடத்துவது. நுழைவு இலவசமாகவே இருக்கலாம். ஆனால் ஆம்புலன்ஸ், தண்ணீர், போக்குவரத்து கட்டுப்பாடு எல்லாம் நடத்துபவரைப் பொறுத்தது.

மூன்றாவது வகையில் சேரும் முன் நாலு கேள்வி கேளுங்கள். ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? சாலையை மூடுவார்களா? தண்ணீர் எத்தனை இடத்தில் இருக்கும்? ஆம்புலன்ஸ் நிற்குமா? சிறப்பு விருந்தினர் வரும் வரை காத்திருந்து காலை எட்டு மணிக்குக் கொடி அசைக்கும் போட்டி என்றால், ஓடுபவருக்கு அது வெயில் ஓட்டம்தான். பதில் திருப்தியாக இல்லை என்றால் அடுத்த போட்டிக்குக் காத்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பரிசுத் தொகை உள்ள உள்ளூர்ப் போட்டிகளில் விளையாட்டு விடுதி மாணவர்கள், காவல்துறை மற்றும் ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் என்று தினமும் ஓடுபவர்கள் வருவார்கள். முதல் வரிசையில் அவர்கள் கிளம்பும் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் ஓடினால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது.

முதல் கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

ஓட்டம் தொடங்கும்போது உடலில் அட்ரினலின் ஏறியிருக்கும். கால் லேசாக இருக்கும். மூச்சு வாங்காது. அதனால் "இன்னைக்கு நல்லா ஓடுறோம்" என்று தோன்றும். இது ஒரு ஏமாற்று.

தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் முழு அளவில் கொண்டு சேர்க்க இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் வேகமாக ஓடினால், ஆக்சிஜன் போதாத பகுதியை வேறு வழியில் தசை ஈடுகட்டும். அதன் விலை சில நிமிடம் கழித்துத் தெரியும்: தொடை கனக்கும், மூச்சு இரைக்கும், விலாவில் சுருக்கென்று பிடிக்கும். அப்போது வேகத்தைக் குறைத்தாலும் பழைய நிலைக்கு உடனே திரும்ப முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். ஒருவர் 5 கி.மீ. தூரத்தை 30 நிமிடத்தில் முடிக்கத் திட்டமிடுகிறார். அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம்.

கூட்டத்தோடு பாய்ந்தால்: முதல் கிலோமீட்டர் 5:00, இரண்டாவது 6:10, மூன்றாவது 6:30, நான்காவது 6:50, ஐந்தாவது 6:40. மொத்தம் 31 நிமிடம் 10 விநாடி.

நிதானமாகத் தொடங்கினால்: 6:10, 6:05, 6:00, 5:55, 5:45. மொத்தம் 29 நிமிடம் 55 விநாடி.

முதல் கிலோமீட்டரில் ஒரு நிமிடம் லாபம் பார்த்தவர் கடைசியில் ஒரு நிமிடத்துக்கு மேல் நஷ்டப்படுகிறார். நிதானமாகப் போனவர் கடைசி கிலோமீட்டரில் நிறைய பேரை முந்துகிறார். அவர் பெரிதாக வேகம் எடுக்கவில்லை. முன்னால் போனவர்கள் சோர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எளிய வழி ஒன்று: முதல் கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரிடம் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூன்றாவது கிலோமீட்டரில் ஒன்றிரண்டு வார்த்தை. கடைசி கிலோமீட்டரில் பேச முடியாவிட்டால் பரவாயில்லை. முதல் கிலோமீட்டரிலேயே பேச்சு வரவில்லை என்றால், வேகம் அதிகம் என்று அர்த்தம்.

எட்டு வாரத்தில் 5 கி.மீ. ஓட முடியுமா?

நடக்கப் பழகிய, வேறு நோய் இல்லாத பெரும்பாலானவர்களால் முடியும். சோபாவில் இருந்தவரை 5 கி.மீ. ஓட வைக்கும் திட்டம் ஒன்றை அமெரிக்காவின் ஜாஷ் கிளார்க் 1996-ல் உருவாக்கினார். வாரத்துக்கு மூன்று நாள், சுமார் அரை மணி நேரம், ஒன்பது வாரம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிப் போவதுதான் அதன் அடிப்படை. உலகம் முழுக்கப் பல ஆப்கள் இப்போது அதே முறையைப் பின்பற்றுகின்றன.

அதே பாணியில் ஒரு எளிய வரிசை:

• முதல் 2 வாரம்: 1 நிமிடம் மெதுவாக ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை.
• 3, 4-வது வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 6 அல்லது 7 முறை.
• 5, 6-வது வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 4 முறை.
• 7-வது வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. 2 அல்லது 3 முறை.
• 8-வது வாரம்: 25 முதல் 30 நிமிடம் தொடர்ந்து மெதுவான ஓட்டம்.

ஓட்ட நாளுக்கு இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஏதாவது ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். மூச்சுத் திறன் சீக்கிரம் கூடிவிடும். ஆனால் எலும்பும் தசைநாரும் பழக அதிக நாள் எடுக்கும். அதனால்தான் "நல்லா ஓட முடியுது" என்று தூரத்தை ஒரேயடியாகக் கூட்டுபவர்களுக்கு முழங்கால் வலியும், கணுக்கால் மேல் முன்னெலும்பு வலியும் வருகிறது.

10 கி.மீ. ஓடத் திட்டமிடுபவர்கள் முதலில் 5 கி.மீ. தூரத்தை நிற்காமல் ஓடப் பழகிவிட்டு, அதன் பிறகு மேலும் எட்டு வாரமாவது எடுத்துக்கொள்வது நல்லது.

எங்கே பயிற்சி செய்வது? தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் 8 கி.மீ. நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பள்ளி, கல்லூரி மைதானங்கள், கடற்கரைச் சாலைகள், பூங்காக்களும் இருக்கின்றன. சாலையில் ஓடுவதாக இருந்தால் எதிரே வரும் வண்டியைப் பார்க்கும்படி வலது ஓரமாக ஓட வேண்டும். இருட்டில் ஓடும்போது வெளிர் நிறச் சட்டை போடுங்கள். தெரு நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் நின்று, நடந்து கடப்பதே பாதுகாப்பு.

முந்தைய நாளும் அன்றைய காலையும்: என்ன செய்யலாம், என்ன கூடாது?

ஓட்டப் போட்டிக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு: "ரேஸ் அன்னைக்குப் புதுசா எதுவும் வேண்டாம்." புது ஷூ, புது உணவு, புது மாத்திரை எதுவும் கூடாது.

உணவு: 5 கி.மீ. ஓட்டத்துக்காகத் தனியாக எதையும் "ஏற்றிக்கொள்ள" வேண்டியதில்லை. முந்தைய இரவு வழக்கமான சாப்பாடு போதும். எண்ணெய், காரம், பிரியாணி ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாம். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒன்றிரண்டு இட்லி சாப்பிடலாம். நேரம் இல்லை என்றால் அரை மணி, முக்கால் மணி முன்பு ஒரு வாழைப்பழம். தினமும் காபி குடிப்பவர் அன்றும் குடிக்கலாம். குடிக்காதவர் அன்று ஆரம்பிக்க வேண்டாம்.

தண்ணீர்: முந்தைய நாள் முழுக்கத் தாகத்துக்கேற்பக் குடித்தால் போதும். ஓடும் முன் லிட்டர் கணக்கில் குடித்தால் வயிறுதான் குலுங்கும். 5 கி.மீ. ஓட்டத்தில் ஒரு மடக்கு போதும், அதுவும் தாகம் எடுத்தால். 10 கி.மீ. என்றால் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் கொஞ்சம் குடிக்கலாம், கொஞ்சம் தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

வலி மாத்திரை: "முட்டி வலி வராம இருக்கட்டும்" என்று ஓட்டத்துக்கு முன் வலி நிவாரணி போடுவது ஆபத்தான பழக்கம். உடலில் நீர் குறையும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வலி இருந்தால் ஓடாமல் இருப்பதே சரி.

உடை: வியர்வை உறிஞ்சிக் கனக்கும் பருத்தி டி-ஷர்ட்டைவிட, சீக்கிரம் காயும் மெல்லிய துணி நல்லது. தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளலாம். பெண்களுக்கு நன்றாகப் பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவைப் போலவே முக்கியம். ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

வார்ம்-அப்: தூரம் குறையக் குறைய வார்ம்-அப் முக்கியம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கை கால்களை அசைத்து, கடைசியாக 15, 20 விநாடி வேகமான ஓட்டம் மூன்று முறை. இதைச் செய்தால் முதல் கிலோமீட்டர் திணறல் பெருமளவு குறையும்.

எண் அட்டை, சிப், கடிகாரம்: நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எண் அட்டையின் பின்புறமோ ஷூவிலோ ஒரு சின்னச் சிப் ஒட்டியிருக்கும். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் தரையில் விரித்திருக்கும் டைமிங் பாயை மிதித்துக் கடக்கும்போது ரேடியோ அலை மூலம் உங்கள் எண்ணும் நேரமும் பதிவாகும்.

இதில் இரண்டு நேரங்கள் உண்டு. கொடி அசைந்ததிலிருந்து நீங்கள் முடிக்கும் வரையிலானது "கன் டைம்". நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடந்ததிலிருந்து முடிக்கும் வரையிலானது "சிப் டைம்" அல்லது "நெட் டைம்". பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டுக்கு வரவே இரண்டு நிமிடம் ஆகலாம். அந்த நேரம் சிப் டைமில் சேராது. அதனால் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் முதல், இரண்டாம் பரிசுகளை முடிவு செய்ய கன் டைமையே எடுப்பதுதான் தடகள விதி. பரிசை நோக்கி ஓடுபவர்கள் முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எண் அட்டையை முதுகில் அல்ல, மார்பில் நான்கு ஊசி குத்தி அணிய வேண்டும். கசக்கவோ மடிக்கவோ கூடாது. நண்பருக்குப் பதிலாக அவரது எண்ணில் ஓடுவதையும் தவிர்க்க வேண்டும். வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்துத்தான் பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தேடும். தவறான வீட்டுக்குப் போன் போகும். சரியான வீட்டுக்குத் தகவல் தெரியாது.

5 கி.மீ. என்றால் சரியாக 5 கி.மீ. இருக்குமா?

எப்போதும் இருக்காது. அங்கீகாரம் பெற்ற பாதையை அளக்க ஒரு முறை உண்டு. சைக்கிளின் முன் சக்கரத்தில் "ஜோன்ஸ் கவுண்டர்" என்ற கருவியைப் பொருத்தி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டி அளப்பார்கள். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளிச் சைக்கிள் போகும். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 5 கி.மீ. தூரத்துக்கு 5 மீட்டர், 10 கி.மீ. தூரத்துக்கு 10 மீட்டர் கூடுதலாகவே வைப்பார்கள்.

உள்ளூர் ஓட்டங்களில் பைக் மீட்டரில் பார்த்துப் பாதை போடுவது சகஜம். எனவே "என் பெஸ்ட் டைம்" என்று கொண்டாடும் முன் பாதை அளக்கப்பட்டதா என்று விசாரிப்பது நல்லது. மறுபக்கம், ஸ்மார்ட் வாட்ச் 5.1 கி.மீ. காட்டினால் பாதை தவறு என்று உடனே சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஜி.பி.எஸ். பிழையும், நீங்கள் வளைவுகளில் வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடியதும் அதில் சேர்ந்திருக்கும்.

ஒரு கால் தவறினால் பதக்கமே போகும்

பாதை விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு தமிழக வீரரின் அனுபவமே சாட்சி. புதுக்கோட்டையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன், 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தை மூன்றாவதாக முடித்தார். ஆனால் ஓட்டத்தின் நடுவே அவரது கால் தடத்தின் உள்கோட்டைத் தாண்டி விழுந்ததாகச் சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். வெண்கலம் கைவிட்டுப் போனது.

சாலை ஓட்டத்திலும் இதே கதைதான். நடுத்தடுப்பில் ஏறிக் குதிப்பது, யு-டர்னுக்கு முன்பே திரும்புவது, நடைமேடை வழியாக வளைவைக் குறுக்கே வெட்டுவது எல்லாம் தகுதி நீக்கத்துக்குரியவை. பெரிய போட்டிகளில் யு-டர்ன் இடத்திலும் டைமிங் பாய் இருக்கும். அதில் பதிவு இல்லை என்றால் முடிவுப் பட்டியலில் பெயர் வராது.

சக ஓட்டக்காரர்களுக்கான சில மரியாதைகளும் உண்டு. மூன்று, நான்கு பேர் கைகோத்துச் சாலையை அடைக்க வேண்டாம். நடப்பதாக இருந்தால் இடது ஓரம் ஒதுங்குங்கள். தண்ணீர் மேஜையில் திடீரென்று நிற்காமல் கடைசி மேஜை வரை நகர்ந்து எடுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காது.

வெயிலும் புழுக்கமும்: சென்னையில் ஓடுவது ஏன் கஷ்டம்?

ஓடும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சட்டை நனைகிறது, உடல் குளிர்வதில்லை.

இதனால் ஒரே மனிதர் ஒரே உழைப்பில் ஜனவரியில் ஓடும் நேரத்தை மே மாதத்தில் ஓட முடியாது. தவறு அவருடையது அல்ல. தோலைக் குளிர்விக்க ரத்தம் திரும்பிவிடுவதால் தசைக்குப் போகும் பங்கு குறைகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏ.சி. அறையிலேயே டிரெட்மில்லில் பயிற்சி செய்துவிட்டு நேரே சாலைக்கு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புழுக்கமான நாளில் திட்டமிட்ட வேகத்தைக் கிலோமீட்டருக்குப் பத்திருபது விநாடியாவது குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எப்போது ஓடவே கூடாது? எப்போது நிறுத்த வேண்டும்?

ஓட்டப் போட்டியில் மாரடைப்பு என்ற செய்தி வந்தாலே பயம் வரும். உண்மையில் அது அரிது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான்களில் கலந்துகொண்ட ஒரு கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில் 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. அதாவது சுமார் 1 லட்சத்து 84 ஆயிரம் பேரில் ஒருவர். இந்த ஆய்வு 2012-ல் வெளியானது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மரபாக வரும் இதயத் தசைத் தடிப்பும், இதய ரத்தக்குழாய் அடைப்பும் முக்கியக் காரணங்களாக இருந்தன.

அரிது என்பதால் அலட்சியம் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், நாற்பதைத் தாண்டிப் புதிதாக ஓட வருபவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நடந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். இன்சுலின் போடுபவர்கள் ஓடும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, கையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது. "மாத்திரை போட்டு காய்ச்சல் விட்டுடுச்சு" என்றாலும் கூடாது. சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையிலும் அழற்சி ஏற்படலாம். அந்த நேரத்தில் கடும் உழைப்பு உயிருக்கே ஆபத்து. கட்டிய பணம் போனால் போகட்டும்.

ஓடும்போது இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்:

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுதல்
• தலைசுற்றல், கண் இருட்டுதல்
• வேகத்துக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத் திணறல்
• இதயம் தாறுமாறாகத் துடிப்பது போன்ற உணர்வு
• புழுக்கத்திலும் குளிர்வது போல மயிர்க்கூச்செறிதல், குழப்பம், தள்ளாட்டம்

கடைசியில் சொன்னது வெப்பத் தாக்குதலின் அறிகுறியாக இருக்கலாம். "வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடுபவர்களுக்கு வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். கவனிக்க வேண்டியது பேச்சும் நடையும். பெயர் கேட்டால் உளறுகிறார், திசை தெரியாமல் போகிறார் என்றால் அவசர நிலை. நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரில் உடலை முழுக்க நனைத்து, விசிற வேண்டும். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்து வரை அமர்த்துவது இன்னும் நல்லது. 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

ஒருவர் விழுந்து, அசைவில்லாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் 108-க்கு ஒருவர் பேச, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்வாய்ப்பைக் குறைக்கிறது.

கோட்டைக் கடந்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள்

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடுவது இயல்பு. ஆனால் ஓடும்போது கால் தசைகள்தான் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தன. திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரலாம். ஐந்து, பத்து நிமிடம் நடங்கள். பிறகு தண்ணீர், மோர், இளநீர் என்று எது கிடைத்தாலும் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் நல்ல காலை உணவு சாப்பிடுங்கள். அடுத்த ஒன்றிரண்டு நாள் தொடை வலி இருந்தால் பயப்பட வேண்டாம், லேசான நடை போதும். ஒரே இடத்தில் குத்துவது போன்ற வலி நீடித்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

உள்ளூர் ஓட்டத்தில் பரிசு மேடை ஏறுபவர்கள் ஒருசிலர்தான். மற்ற எல்லோருக்கும் போட்டி, போன முறை தாங்கள் எடுத்த நேரத்தோடுதான். அந்த நேரத்தை முறியடிக்க முடியாத நாளும் வரும். நான்காவது கிலோமீட்டரில் உடல் சரியில்லை என்று பட்டால் ஓரமாக ஒதுங்கி, தன்னார்வலரைக் கூப்பிட்டு, எண் அட்டையைக் காட்டி நின்றுவிடலாம். முடிவுப் பட்டியலில் பெயருக்கு நேரே "முடிக்கவில்லை" என்று வரும். அது அவமானம் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் இன்னொரு ஓட்டம் இருக்கும்.